அடுகோடியில் ஆபீஸ் போட இடம் பார்க்கிறீர்களா?

அட்வான்ஸ் பணத்தை நீட்டுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நீண்ட நாள் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் பெங்களூர் வந்தவர். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு விலாசங்கள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் என்னோட வாங்க. அடுகோடியில ரெண்டு இடம் பார்த்து வச்சிருக்கேன். எதுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்னு நீங்களும் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

அவருடைய மகள் பி.காம். படித்தவர். ஓர் ஆடிட்டரிடம் நான்கு வருஷம் வேலை பார்த்து, ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்வதில் நல்ல பழக்கம் பெற்றவர். சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து ஓர் ஆபீஸ் போட வேண்டும் என்பது திட்டம். முதல், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒதுக்கி வைத்த 6 லட்சம் ரூபாய். அதற்கு மேல் எடுத்தால் வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கும் இதே நிலைமை இருக்கலாம். வேலையை விட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம், பிள்ளைக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது ஓர் இடத்தைத்தான். தொழில் தெரியாமல் நஷ்டப்பட்டவர்கள் ஒரு பங்கு என்றால், தொழில் நன்றாகத் தெரிந்திருந்தும் இடத்தைத் தவறாகப் பிடித்துப் பணத்தை முடக்கிக் கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்ததையும், கேட்டுத் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மைகோ இருந்த ஊர்

அடுகோடியை அறியாத பெங்களூர்த் தமிழர் குறைவு. ஓசூர் ரோட்டில், ஒரு பக்கம் கோரமங்களா, மறு பக்கம் லக்கசந்திரா, வில்சன் கார்டன் என்று நடுவில் அமைந்த பேட்டை இது. சற்றுத் தள்ளி மடிவாளா. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியும் பையுமாகத் தனியார் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம்.

அடுகோடி என்றாலே பழைய ஆட்கள் "மைகோ" என்பார்கள். மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் 1951-ம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட நிறுவனம் அது. ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தைச் சேர்ந்தது. டீசல் என்ஜினுக்கு எரிபொருள் செலுத்தும் பம்ப், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. 2008-ம் ஆண்டில் அதன் பெயர் போஷ் லிமிடெட் என்று மாறியது. பெயர் மாறினாலும் பி.டி.எம். பக்கத்தில் உள்ள "மைகோ லேஅவுட்" இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்லிக் கொண்டிருக்கிறது.

உற்பத்தி வேலைகள் படிப்படியாக மைசூர் ரோட்டில் உள்ள பிடதிக்குப் போய்விட்டன. அடுகோடியில் ஆலை இருந்த இடம் ஆபீஸ் வளாகமாக மாறியது. சுமார் 76 ஏக்கரில் அமைந்த அந்தப் புதிய வளாகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2022-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி காணொளி வழியாகத் திறந்து வைத்தார். ஸ்பானர் பிடித்தவர்கள் நடமாடிய இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் பையைத் தோளில் மாட்டியவர்கள் நடமாடுகிறார்கள்.

இந்த மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒரு பேட்டையில் யார் நடமாடுகிறார்களோ, அவர்களை நம்பித்தான் அங்குள்ள சிறு தொழில்கள் நடக்கும். ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியை நம்பி நடந்த சைக்கிள் கடைக்கும், ஆபீஸ் முடிந்து வரும் என்ஜினீயரை நம்பி நடக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் வேண்டிய இடம் ஒன்றல்ல. பத்து வருஷத்துக்கு முன்பு யாரோ ஒருவர் இந்த இடத்தில் நன்றாகச் சம்பாதித்தார் என்பதற்காக இன்றைக்கு நாமும் அங்கேயே போய் உட்கார முடியாது.

வாடிக்கைக்காரரைத் தேடி வந்தவர்கள்

அடுகோடிக்கும் ஆபீஸ் இடத்துக்கும் இன்னொரு பெரிய சம்பந்தம் உண்டு. இன்போசிஸ் கம்பெனியை எல்லோரும் அறிவோம். நாராயண மூர்த்தியும் அவருடைய கூட்டாளிகளுமாக ஏழு பேர் 1981-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள். மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய்தான் முதல். ஆபீஸ் என்று தனியாக ஓர் இடம் கிடையாது. புனே நகரில் மூர்த்தி குடியிருந்த வீட்டின் முன்னறைதான் ஆபீஸ்.

இரண்டு வருஷம் கழித்து, 1983-ம் ஆண்டில், கம்பெனி பெங்களூருக்கு வந்தது. ஏன் வந்தது? இந்தியாவிலேயே அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கைக்காரர் அடுகோடியில் இருந்த நமது மைகோதான். வேலை கொடுக்கிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவதுதான் முறை என்று மூட்டையைக் கட்டிக் கொண்டு வந்துவிட்டார்கள். ஓசூர் ரோட்டிலேயே மேலும் தெற்கே உள்ள எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அவர்கள் தலைமை ஆபீஸை மாற்றியது 1994-ம் ஆண்டில். அதாவது கம்பெனி தொடங்கிப் பதின்மூன்று வருஷம் கழித்து. பெரிய வளாகமும் புல்வெளியும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோரமங்களாவிலும் இதே கதை. 2007-ம் ஆண்டில் பிளிப்கார்ட் கம்பெனியை இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்தது அங்குள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில். புத்தகம் கேட்டவர் வீட்டுக்கே புத்தகத்தை அனுப்பி வைப்பதுதான் தொழில். வாடிக்கைக்காரர் யாரும் படியேறி வரப் போவதில்லை. பிறகு கண்ணாடி வைத்த ஆபீஸ் எதற்கு?

பெரிய கம்பெனிகளின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பணம் பெருகிய பிறகு அவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாது. ஆனால் பணம் இல்லாதபோது அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். முதலில் வாடிக்கைக்காரர் எங்கே என்று பார்த்தார்கள். பிறகுதான் இடத்தைப் பார்த்தார்கள்.

இரண்டு இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பரும் அவர் மகளும் நானுமாகப் புறப்பட்டோம். முதல் இடம் மெயின் ரோட்டில், புதுக் கட்டிடத்தின் இரண்டாவது மாடி. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. லிப்ட் உண்டு. 400 சதுர அடி. வாடகை 28,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ், அதாவது 2,80,000 ரூபாய்.

நண்பருக்கு அந்த இடம் ரொம்பவும் பிடித்துப் போயிருந்தது. கண்ணாடி அருகே நின்று ரோட்டைப் பார்த்தவர், "போர்டு வச்சா பஸ்ஸில போறவங்களுக்குக் கூடத் தெரியும்" என்றார். முப்பது வருஷம் அடுத்தவர் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மனிதருக்குத் தன் பெயரில் ஒரு போர்டு பார்க்க ஆசை இருக்காதா? அதைத் தவறென்று சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் உள்ளே ஒரு கிராஸ் ரோட்டில். கீழே மளிகைக் கடை. முதல் மாடியில் 220 சதுர அடியில் ஓர் அறை. படி சற்றுக் குறுகல். வாடகை 12,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டார்கள். பேசினால் ஆறு மாதத்துக்கு இறங்கி வருவார் என்று புரோக்கர் காதோடு சொன்னார்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். நண்பரின் மகள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். "அப்பா, நம்ம கிட்ட இருக்கிறது ஆறு லட்சம். அதை வச்சுத்தான் பார்க்கணும்" என்றார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

மெயின் ரோடு இடம்: அட்வான்ஸ் 2,80,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 28,000. முதல் மாத வாடகை 28,000. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், தடுப்பு, போர்டு எல்லாம் 1,50,000. ஆக மொத்தம் 4,86,000 ரூபாய். மீதி 1,14,000.

கிராஸ் ரோடு இடம்: ஆறு மாத அட்வான்ஸ் 72,000. புரோக்கருக்கு 12,000. முதல் மாத வாடகை 12,000. சாமான்கள் 80,000. ஆக மொத்தம் 1,76,000 ரூபாய். மீதி 4,24,000.

பிறகு மாதச் செலவு. மெயின் ரோட்டில் வாடகையோடு கரண்ட், மெயின்டனன்ஸ், ஓர் உதவியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 45,000 என்று போட்டார். கிராஸ் ரோட்டில் 25,000. வருமானம் ஒரு பைசா வரவில்லை என்று வைத்துக் கொண்டால், மெயின் ரோட்டில் கையிருப்பு இரண்டரை மாதம் தாங்கும். கிராஸ் ரோட்டில் ஏறக்குறையப் பதினேழு மாதம் தாங்கும்.

நண்பர் அந்த நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கணக்குப் பிரிவில் இருந்தவர் அல்லவா? கூட்டலில் தவறில்லை. பிறகு வெகு நேரம் பேசவில்லை.

இடம் பார்க்கிற எல்லோரும் போட வேண்டிய கணக்கு இதுதான். "இந்த வாடகையை என்னால் கொடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வியாபாரம் பிடிக்கும் வரை, வருமானமே இல்லாமல், இந்த வாடகையை எத்தனை மாதம் கொடுக்க முடியும்?" என்று கேட்க வேண்டும். அகலக் கால் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

யார் படியேறி வருவார்கள்?

வாடகை குறைந்த இடமே எப்போதும் நல்ல இடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெராக்ஸ் கடை, பஸ் டிக்கெட் ஏஜென்சி, பார்சல் ஆபீஸ், போன் ரிப்பேர் போன்ற தொழில்களுக்குப் போகிறவர் வருகிறவர் கண்ணில் பட வேண்டும். தரை மட்டத்தில் இருக்க வேண்டும். இவற்றைக் கிராஸ் ரோட்டு மாடியில் வைத்தால் வாடகை மிச்சமாகும், வியாபாரம் நடக்காது. அங்கே மெயின் ரோட்டு வாடகை வீண் செலவு ஆகாது. விளம்பரச் செலவும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

கணக்கு எழுதுவது, ஆள் அனுப்பும் கான்டிராக்ட், எலெக்ட்ரிக்கல் கான்டிராக்ட், டைப்பிங், மொழிபெயர்ப்பு போன்ற தொழில்கள் வேறு விதம். இவற்றுக்கு ஆள் சொல்லி ஆள் வருவார்கள். கடைக்காரர் ஒருவர் பஸ்ஸில் போகும்போது கண்ணாடியில் போர்டைப் பார்த்துவிட்டுத் தன் கணக்குப் புத்தகத்தை எடுத்து வருவாரா? பக்கத்துக் கடைக்காரர் "அந்தப் பொண்ணு நல்லா செய்யுது" என்று சொன்னால்தான் வருவார்.

ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடியிருக்கும் இடத்துக்குப் போகலாமா என்பதும் ஒரு கேள்வி. மோட்டார் உதிரி பாகம் என்றால் ஜே.சி. ரோடு, எலெக்ட்ரானிக் சாமான் என்றால் எஸ்.பி. ரோடு, துணி என்றால் சிக்பேட்டை. சென்னையில் புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும் அப்படித்தான். சரக்கு விற்கிறவர்களுக்கு அந்தக் கூட்டம் நல்லது. வாங்குகிறவர் தேடி வருவது அந்தத் தெருவைத்தான். ஆனால் நண்பரின் மகளைப் போல வேலை செய்து கொடுக்கிறவர்கள், தங்களைப் போன்றவர்கள் இருக்கும் இடத்தை விடத் தங்களுக்கு வேலை கொடுப்பவர்கள் இருக்கும் இடத்தைத் தேடுவது மேல். அந்தக் கிராஸ் ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடந்தே போகும் தூரத்தில் மளிகை, ஹார்டுவேர், மெஸ், தையல், மருந்து என்று ஐம்பதுக்கும் குறையாத கடைகளை நாங்களே எண்ணினோம்.

சதுர அடியில் ஒரு சூட்சுமம்

சதுர அடி விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். "500 சதுர அடி" என்று சொல்வார்கள். உள்ளே போய் அளந்தால் 350 தான் இருக்கும். மீதி எங்கே? படிக்கட்டு, லிப்ட், நடைவழி ஆகியவற்றில் நமது பங்கையும் சேர்த்துச் சொல்வதுதான் "சூப்பர் பில்டப்" கணக்கு. சுவருக்குள் நாம் நாற்காலி போடக் கூடிய இடம் "கார்ப்பெட்" கணக்கு.

உதாரணமாக, சதுர அடிக்கு 60 ரூபாய் என்று 500 சதுர அடிக்கு 30,000 கேட்கிறார்கள். உள்ளே இருப்பது 350 என்றால் உண்மையான விலை 85 ரூபாய்க்கு மேல். இன்னொருவர் 70 ரூபாய் வீதம் 400 சதுர அடிக்கு 28,000 கேட்கிறார். உள்ளே 340 இருக்கிறது. விலை 82 ரூபாய் சொச்சம்தான். 60 ரூபாய் இடத்தை விட 70 ரூபாய் இடம் மலிவு! ஆகவே கையில் ஓர் அளவு டேப் கொண்டு போக வெட்கப்படாதீர்கள்.

காகிதங்களைக் கேளுங்கள்

கட்டிடம் பிடித்துப் போனால் அட்வான்ஸ் கொடுக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

ஒன்று, அந்த இடத்தில் தொழில் நடத்த அனுமதி கிடைக்குமா? குடியிருப்புப் பகுதியில் குறுகலான ரோட்டில் வணிகத்துக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. ரோட்டின் அகலத்தைக் கேட்பார்கள். எந்தத் தொழிலுக்கு டிரேட் லைசென்ஸ் தேவை, அந்த விலாசத்துக்குக் கிடைக்குமா என்பதை மாநகராட்சி ஆபீஸில் முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய பெங்களூர் மாநகராட்சி 2025-ம் ஆண்டு செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. எனவே நமது வார்டு எதில் சேர்ந்தது என்பதையும் கேட்டுக் கொள்வது நல்லது.

இரண்டு, கட்டிடத்தின் கத்தா யார் பெயரில் இருக்கிறது? வாடகை பேசுகிறவர்தான் சொந்தக்காரரா, இல்லை போக்கியத்துக்கு இருப்பவரா? கத்தா, சொத்து வரி ரசீது, கரண்ட் பில் மூன்றிலும் பெயர் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.

மூன்று, கரண்ட் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கா, வணிக உபயோகத்துக்கா? தனி மீட்டர் உண்டா? வீட்டு இணைப்பில் ஆபீஸ் நடத்தினால் பிறகு அபராதம் வந்து நிற்கும். அதைக் கட்டச் சொல்லி நம் தலையில்தான் போடுவார்கள்.

நான்கு, ஜி.எஸ்.டி. பதிவுக்கு விலாசச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் அல்லது வரி ரசீது போன்றவற்றின் நகல் தேவைப்படும். ஒப்பந்தம் இல்லையென்றால் சொந்தக்காரரின் சம்மதக் கடிதமாவது வேண்டும். சிலர் வாடகையை வாங்கிக் கொள்வார்கள், காகிதம் கொடுக்கத் தயங்குவார்கள். காகிதம் இல்லாத இடம் நமக்கு ஆபீஸ் ஆகாது, வெறும் அறைதான்.

ஐந்து, வாடகை மீதான வரி. கடை, ஆபீஸ் வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சொந்தக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவராக இருந்து நாம் பதிவு செய்தவராக இருந்தால், 2024-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி முதல் அந்த வரியை நாமே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. தொகுப்பு வரி முறையில் இருப்பவர்களுக்குப் பிறகு விலக்கு அளிக்கப்பட்டது. 12,000 வாடகைக்கு இது 2,160 ரூபாய். நம் நிலையில் இதைத் திரும்ப வரவு வைத்துக் கொள்ள முடியுமா என்று கணக்குத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஆறு, கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961-ன் கீழ் பதிவு. தொழில் ஆரம்பித்த 30 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும்.

ஏழு, பெயர்ப் பலகை. 2024-ம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். பிறகு மாற்றி எழுதுவதை விட முதலிலேயே சரியாக எழுதிவிடுவது செலவும் குறைவு, மரியாதையும் கூட. நாம் பிழைக்க வந்த ஊரின் மொழி அது. நமது வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அந்த மொழிக்காரர்கள்தானே?

பதினொரு மாதமா, மூன்று வருஷமா?

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் என்று பலரும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு ஆபீஸில் பதிய வேண்டும் என்பது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினொரு மாதம். ஆனால் நாம் தடுப்பு வைத்து, போர்டு மாட்டி, விலாசத்தை எல்லோருக்கும் தெரிவித்த பிறகு பன்னிரண்டாவது மாதத்தில் "காலி பண்ணுங்க" என்றால் என்ன செய்வது? நீண்ட காலம் இருக்க நினைப்பவர்கள் மூன்று வருஷம் என்று எழுதி, முறைப்படி பதிவு செய்வதே பாதுகாப்பு. மூன்று வருஷம் என்று வெள்ளைத் தாளில் எழுதிப் பதியாமல் வைத்துக் கொண்டால், தகராறு வரும்போது அதன் நிபந்தனைகளை நிலைநாட்டுவது கடினம்.

"லாக் இன்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் காலி செய்தால் மீதி மாத வாடகையையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். 2020-ம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பூட்டிய ஆபீஸுக்கு வாடகை கொடுத்து நொந்தவர்கள் இந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

வருஷா வருஷம் வாடகை எவ்வளவு ஏறும்? 20,000 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் மூன்று வருஷத்தில் மொத்தம் 7,56,600 ரூபாய். 10 சதவீதம் ஏறினால் 7,94,400. வித்தியாசம் 37,800 ரூபாய்! அதுபோல, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொள்வது இந்த ஊர் வழக்கம். அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தருவார், எதற்கெல்லாம் பிடிப்பார் என்பதை எழுதி வாங்குங்கள்.

மழையும் மேம்பாலமும்

ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடத்தைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கும் மறுபடி போய்ப் பாருங்கள். முடிந்தால் ஒரு மழை நாளிலும் பாருங்கள். கோரமங்களாவையும் ஈஜிபுராவையும் சுற்றிப் பல இடங்கள் தாழ்வானவை. எஸ்.டி. பெட் லேஅவுட் என்ற பெயரில் உள்ள எஸ்.டி. என்பது ஸ்ரீனிவாகிலு டாங்க், அதாவது ஏரி. ஏரி இருந்த இடத்துக்குத் தண்ணீர் வழி தெரியாமல் போகுமா? தரைத் தளத்தில் கணக்குப் புத்தகமும் கம்ப்யூட்டரும் வைக்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

ரோட்டில் வேலை ஏதாவது வரப் போகிறதா என்பதும் முக்கியம். ஈஜிபுரா மேம்பால வேலை 2017-ம் ஆண்டில் தொடங்கியது. நடுவில் நின்று, கான்டிராக்ட் ரத்தாகி, 2023-ம் ஆண்டில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. இத்தனை வருஷமும் தூண்களுக்கு அருகே கடை வைத்திருந்தவர்கள் பட்ட கஷ்டத்தை அவர்களைக் கேட்டால் தெரியும். அதே சமயம், மெட்ரோ ரயிலின் பிங்க் வழித்தடத்தில் டெய்ரி சர்க்கிள், லக்கசந்திரா நிலையங்கள் அமைவது இந்தப் பேட்டைக்கு நல்லது. ஆனால் "மெட்ரோ வருது சார்" என்று சொல்லி இன்றைக்கே அதிக வாடகை கேட்டால் யோசியுங்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர் நம் வாடிக்கைக்காரர்தானா?

பெண்கள் வேலை செய்யும் ஆபீஸ் என்றால், கழிப்பறை எங்கே, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப் வரை விளக்கு உண்டா என்பதை ஆண்கள் கவனிப்பதில்லை. நண்பரின் மகள் அந்த இரண்டையும்தான் முதலில் பார்த்தார்.

ஒரே ஆள் செய்யும் தொழில் என்றால் வீட்டிலேயே ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். நாற்காலிக்கு மாத வாடகை வாங்கும் பொது ஆபீஸ்கள் கோரமங்களாவில் நிறைய இருக்கின்றன. பத்து மாத அட்வான்ஸ் தேவைப்படாது. பதிவுக்கு விலாசக் கடிதம் கொடுப்பார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

கடைசியில் நடந்தது

நண்பர் கிராஸ் ரோட்டு அறையையே எடுப்பது என்று முடிவு செய்தார். ஆனால் உடனே முடியவில்லை. சொந்தக்காரர் ஆறு மாத அட்வான்ஸுக்கு ஒப்புக் கொண்டார். ஜி.எஸ்.டி. பதிவுக்குக் காகிதம் என்றதும் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் யாரும் கேட்டதில்லை" என்று கன்னடத்தில் சொல்லி எழுந்துவிட்டார். தனி மீட்டரும் கிடையாது.

பழைய நண்பராக இருந்தால் "பரவாயில்லை, பிறகு பார்த்துக்கலாம்" என்று பணத்தைக் கொடுத்திருப்பார். பையில் பணம் இருந்தது. ஆனால் மகள், "அப்பா, கடைக்காரங்களுக்கு எல்லாம் காகிதத்தைச் சரியா வச்சுக்கச் சொல்லப் போறது நாம. நம்ம ஆபீஸுக்கே காகிதம் இல்லைன்னா எப்படி?" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சொந்தக்காரரின் மகனே போன் செய்தார். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் தங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று வீட்டில் பேசிப் புரிந்து கொண்டார்களாம். வணிக இணைப்பில் தனி மீட்டர், ஒப்பந்தம், வரி ரசீது நகல் மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்கப்பட்டது.

போன வாரம் போயிருந்தேன். கன்னடம் பெரிதாகவும், அதன் கீழே ஆங்கிலமும் தமிழும் சிறிதாகவும் ஒரு போர்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் கீழே உள்ள மளிகைக் கடைக்காரர் தன் பில் கட்டைத் தூக்கிக் கொண்டு படியேறிக் கொண்டிருந்தார். அவர்தான் முதல் வாடிக்கைக்காரர்.

நண்பர் எனக்கு நாற்காலி போட்டார். "அண்ணே, கண்ணாடி ஆபீஸ் மனசை விட்டு இன்னும் போகல" என்று சிரித்தார். போக வேண்டியதில்லை. பாங்கியில் மீதிப் பணம் பத்திரமாக இருக்கிறது. வியாபாரம் பெருகி வாடகையைத் தானே கொடுக்கும் நாள் வரட்டும். அப்போது கண்ணாடி ஆபீஸுக்குப் போகலாம்.